டெல்டா பகுதித் தேவாலயங்களின் உட்புறமும் தளவாடங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருச்சி, காரைக்கால் பக்கம் பங்குப் பேரவைகளும் ஆலயக் கமிட்டிகளும் கோவிலைப் புதுப்பிக்க உட்காரும்போது எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். பெரும்பாலான பதில்கள் கத்தோலிக்கக் கோவில்களுக்கானவை. லுத்தரன், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயங்களில் மாறுபடும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம். அளவுகளைக் கொத்தனாரும் ஆசாரியும் பேசும் அடி, அங்குலத்தில் தந்திருக்கிறோம். ஒலிக்கணக்கு மட்டும் மீட்டரில்.

பெரிய கோவிலின் உட்புறத்தில் எந்தப் பகுதி எது?

தலைவாசலைத் தாண்டியதும் நுழைமண்டபம். அதன் தலைக்கு மேல் பெரும்பாலும் பாடகர் மாடம் இருக்கும். அடுத்து மக்கள் கூடும் நடுக்கூடம். இரண்டு பக்கமும் தூண் வரிசை, அதற்கு அப்பால் உயரம் குறைந்த பக்கக்கூடங்கள். நடுக்கூடத்தைக் குறுக்கே வெட்டிப்போகும் கூடமும் இருந்தால் கட்டடத்தின் தரைப்படம் சிலுவையாக அமையும். தரங்கம்பாடியில் ஜெர்மானிய லுத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்கு 1718-ல் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயம் அப்படிப்பட்டது. கடைசியில் படியேறிப் போகும், பூசைப் பீடம் நிற்கும் பீடமுற்றம். அதை ஒட்டி, குருவின் உடைகளும் பாத்திரங்களும் வைக்கும் திருப்பண்டக அறை, பேச்சு வழக்கில் சக்கிரீஸ்து.

கூர்மாட வளைவுள்ள கோவில்களில் (திருச்சி புனித வளனார் கல்லூரி வளாகத்து லூர்து அன்னை ஆலயத்தைப் பாருங்கள்) கூரையின் எடை நேராகக் கீழே இறங்குவதில்லை. வளைவு தூண்களையும் சுவரையும் வெளிப்பக்கமாகத் தள்ளும். அந்தத் தள்ளலை வாங்கிக்கொள்ளத்தான் வெளியே உதைசுவர்கள். அவற்றைக் குடைந்து மின்பெட்டி வைப்பதும், இரண்டு உதைசுவருக்கு நடுவே கழிவறை கட்டி அடியில் குழி தோண்டுவதும் பல இடங்களில் நடக்கிறது. அதற்கான பலன் சில வருடம் கழித்து உள்ளே, வளைவின் உச்சியில் விரிசலாகத் தெரியும். அப்போது உள்ளே பூசுவதால் பயனில்லை.

வேளாங்கண்ணி பசிலிக்காவும் தஞ்சாவூர் மறைமாவட்டப் பேராலயமும் உள்ளமைப்பில் எப்படி வேறுபடும்?

மறைமாவட்டத் தலைமைக் கோவிலில் ஆயரின் (பிஷப்பின்) நிலையான இருக்கை இருக்கும். தஞ்சாவூர் மறைமாவட்டத்துக்கு அந்தத் தகுதி தஞ்சாவூர் திரு இருதயப் பேராலயத்துக்கு உரியது. கும்பகோணத்துக்கு அலங்கார அன்னை பேராலயம். பசிலிக்கா என்பது திருத்தந்தை தரும் சிறப்புத் தகுதி. அதன் மரபான அடையாளம் இரண்டு: சிவப்பும் மஞ்சளும் மாறிமாறி வரும் பட்டுக் குடை, பாதி விரித்த நிலையில்; கோலில் தொங்கும் சிறு மணி. வேளாங்கண்ணி 1962-லும், பூண்டி மாதா கோவில் 1999-லும், திருச்சி சகாய மாதா கோவில் 2006-லும் இத்தகுதி பெற்றன. கூட்டத்தையும் கோபுர உயரத்தையும் பார்த்து வேளாங்கண்ணியை ஆயரின் தலைமைக் கோவில் என்று நினைப்பவர்கள் நிறைய.

தளவாடம் செய்பவருக்கு இதனால் ஒரு நடைமுறை விஷயம்: ஆயர் இருக்கையையும் அருள்பணியாளர் இருக்கையையும் ஒரே அச்சில் செய்யக்கூடாது. பங்குக் கோவிலில் தலைமைக் குருவின் நாற்காலி சிம்மாசனம்போல் இருக்கக்கூடாது என்பது வழிபாட்டு விதி. கல்யாண மண்டபத்து சிவப்பு வெல்வெட் நாற்காலியை வாங்கிப் போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

புதுப் பீடம் என்ன அளவில், எந்தக் கல்லில்?

உயரம் 3 அடி முதல் 3 அடி 3 அங்குலம். அகலம் இரண்டரை முதல் 3 அடி. நீளம் கோவிலைப் பொறுத்து 5 முதல் 8 அடி. பீடம் சுவரை ஒட்டாமல் தனித்து நிற்க வேண்டும். தூபம் காட்டிச் சுற்றிவர வேண்டுமே. பின்பக்கம் 4 அடியும் முன்பக்கம் 5 அடியும் குறையாமல் விடுங்கள். நிலைப்பீடத்தின் மேற்பலகை ஒரே இயற்கைக் கல்லாக இருப்பது மரபு. புனிதப் பண்டம் (புனிதரின் எலும்பு போன்ற எச்சம்) வைப்பதானால் பீடத்துக்கு அடியில்தான்; மேற்பலகையில் குழி வெட்டி வைக்கும் பழைய முறை இப்போது இல்லை.

எடையைக் கணக்கில் எடுப்பவர்கள் குறைவு. 7 அடி நீளம், 3 அடி அகலம், 4 அங்குலக் கனமுள்ள கிரானைட் பலகை மட்டுமே அரை டன்னைத் தாண்டும். கால்களையும் சேர்த்தால் ஒரு டன்னுக்குக் குறையாது. டெல்டாக் கோவில்களின் பீடமுற்றம் பெரும்பாலும் மணலோ செங்கல் உடைசலோ போட்டு நிரப்பி உயர்த்தியது. அதன் மேலேயே நேராக இறக்கினால் ஒரு மழைக்காலத்தில் ஒரு பக்கம் தாழும்; பலகைக்கும் காலுக்கும் இடையே முடி நுழையும் அளவுக்குத் திறந்துகொள்ளும். நிரப்பு மண்ணைத் தோண்டி, கெட்டி மண்ணிலிருந்து தனி அடித்தளம் எழுப்புங்கள்.

கண்ணாடிபோல் பாலிஷ் செய்த கறுப்பு கிரானைட் வேண்டாம். மேலே உள்ள விளக்கு அதில் தெரிந்து குருவின் கண்ணைக் கூசும், மெழுகுத் துளி ஒவ்வொன்றும் பளிச்சென்று நிற்கும். சொரசொரப்பு சற்றே மிஞ்சிய சாம்பல் நிறக் கல் நல்லது.

படிகள் 5 முதல் 6 அங்குல உயரம், மிதிப்பலகை ஓர் அடிக்குக் குறையாமல். நீள அங்கியோடு ஏறுபவருக்கு 7 அங்குலப் படி தடுக்கும்.

பழைய உயர் பீடத்தை இடித்துவிடலாமா?

கூடாது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு (1962–65) மக்களை நோக்கிப் பூசை வைக்கத் தொடங்கியபோது பல கோவில்களில் செதுக்குவேலைப்பாடுள்ள பழைய பீடங்கள் விறகாகப் போயின. விதி அப்படிச் சொல்லவில்லை. பழைய பீடத்தைக் கலைமதிப்பு கெடாமல் நகர்த்த முடியாது என்றால், அதற்கு முன்னால் புதிய பீடம் ஒன்றை நிறுவலாம். பழையது அப்படியே நிற்கும். அதில் பூசை நடக்காது, தனி அலங்காரமும் செய்யக்கூடாது. சுரூபங்களுக்கும் (புனிதர் சிலைகளுக்கும்), அர்ச்சித்த அப்பம் வைக்கும் நற்கருணைப் பேழைக்கும் அதுவே பின்னணியாக அமைந்துவிடும். வேளாங்கண்ணியில் மாதா நிற்கும் பீடத்தில் போர்த்துக்கீசியர் கொண்டுவந்த விவிலியக் காட்சிப் பீங்கான் தகடுகள் பதித்திருக்கின்றன. அதுபோன்ற ஒன்றைக் கழற்றினால் திரும்பச் சேர்ப்பது நடக்காத காரியம்.

நற்கருணைப் பேழை, அணையா விளக்கு, வாசக மேடை?

பேழை ஒன்றே ஒன்று. அசையாதது, உள்ளே தெரியாதது, பூட்டுள்ளது, எளிதில் உடைக்க முடியாதது. பித்தளைத் தகடு போர்த்திய பிளைவுட் பெட்டி இந்த நான்கில் இரண்டில் தோற்கும். இரும்பு அல்லது ஸ்டீல் பெட்டியைக் கல்லிலோ காங்கிரீட்டிலோ உட்புறத்திலிருந்து நான்கு போல்ட் போட்டு இறுக்கி, வெளியே வேலைப்பாடு செய்யுங்கள். மழைக்காலத்து ஈரத்தில் அப்பம் துவண்டுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் 15 நாளுக்குள் மாற்றிவிடுவது நல்லது.

விளக்கு எண்ணெயிலோ மெழுகிலோ எரிய வேண்டும் என்பது மரபு. திரி நீளமாக இருந்தால் கரி பிடித்து மேல்வளைவு கறுக்கும். கால் அங்குலத்துக்கு மேல் விடாதீர்கள்.

வாசக மேடை நிலையாகப் பதித்ததாக இருக்கட்டும். சாய்பலகையின் உயரம் மூன்றரை அடி முதல் 3 அடி 9 அங்குலம். சிறுமிகளும் வாசிப்பதால் பின்னால் இழுத்துப் போடும் ஒரு 6 அங்குல மரப்படி செய்து உள்ளேயே வைத்துவிடுங்கள்.

மைக்கில் பேசினால் ஒன்றும் புரியவில்லை. பெரிய பாக்ஸ் வாங்கலாமா?

வாங்கினால் புரியாதது இன்னும் சத்தமாகக் கேட்கும்.

சத்தம் அணைய எடுக்கும் நேரத்தைக் கணக்கிட ஒரு எளிய சூத்திரம் உண்டு. கனஅளவை 0.16-ஆல் பெருக்கி, உள்ளே உள்ள பரப்புகள் விழுங்கும் திறனால் வகுக்க வேண்டும். 30 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 9 மீட்டர் உயரமுள்ள கோவிலின் கனஅளவு 3,240 கன மீட்டர். தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,476 சதுர மீட்டர் பரப்பு. பூச்சும் டைலும் தன்மேல் படும் ஒலியில் நூற்றில் மூன்று பங்கைத்தான் விழுங்கும், ஆக 44. கதவு சன்னல் எல்லாம் மூடிய காலிக் கோவிலில் ஒரு கைதட்டல் அணைய 11 வினாடிக்கு மேல் ஆகும் என்று கணக்கு காட்டும். காற்றும் மரச்சாமானும் கொஞ்சம் விழுங்குவதால் நிஜத்தில் இதைவிடக் குறையும். 40 சதுர மீட்டர் சன்னலைத் திறந்தால் 6 வினாடி. 400 பேர் உள்ளே வந்து உட்கார்ந்தால், ஆளுக்கு 0.45 வீதம் இன்னும் 180 சேர்ந்து, 2 வினாடிக்கு இறங்கும். பேச்சு தெளிவாகக் கேட்க ஒன்றரை வினாடிக்குப் பக்கத்தில் வர வேண்டும். பாட்டுக்கு 2 அழகு.

இதிலிருந்து தெரிவது: உங்கள் கோவிலில் ஒலியை அதிகம் விழுங்குவது மக்களும் திறந்த சன்னலும்தான். ஏ.சி. போடுவதற்காகச் சன்னலை நிரந்தரமாக அடைத்த கோவில்களில் வார நாள் பூசை ஒரு சொல்கூடப் புரியாமல் போவது இதனால்தான்.

செய்ய வேண்டியவை வரிசையாக. முதலில் பெரிய பாக்ஸ்களைக் கழற்றுங்கள். ஒல்லியான, 3 முதல் 4 அடி உயரமுள்ள, தூண்போன்ற ‘காலம்’ (column) ஸ்பீக்கர்களைத் தூண்களில், உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேல் மூன்று நான்கு அடியில், மக்களை நோக்கிச் சற்றே குனிந்தபடி மாட்டுங்கள். முன்னால் ஒரு ஜோடி, பிறகு 10–12 மீட்டருக்கு ஒரு ஜோடி. பின்ஜோடிகளுக்குத் தாமதம் கொடுக்க வேண்டும். நம் ஊர் வெக்கையில் ஒலி வினாடிக்கு 349 மீட்டர் போகும். 20 மீட்டர் பின்னால் இருக்கும் ஜோடிக்கு 57 மில்லிசெகண்ட், அதோடு 10 முதல் 15 கூட்டினால் சத்தம் பீடத்திலிருந்து வருவதாகவே காதுக்குத் தோன்றும். தாமதம் கொடுக்காவிட்டால் பின்வரிசைக்காரர் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை கேட்பார்.

அடுத்து, பீடத்துக்கு எதிரே உள்ள பின்சுவரையும் பாடகர் மாடத்தின் அடிப்பாகத்தையும் மெத்தென்று ஆக்குங்கள்: 2 அங்குல ராக்வூல், மேலே கெட்டித் துணி, மரச்சட்டம். தெர்மகோலும் முட்டை அட்டையும் சத்தத்தை விழுங்காது, தீயை மட்டும் நன்றாகப் பிடிக்கும். மூன்றாவது செலவில்லாதது: பேசுபவரின் மைக் தவிர மற்றவை அணைந்திருக்க வேண்டும். பீடம், வாசக மேடை, பாடகர் குழு மூன்றும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் எந்தக் கருவியும் காப்பாற்றாது.

பெஞ்ச் போடுவதா, பாயில் உட்கார்வதா?

டெல்டாவில் இரண்டும் கலந்தே இருக்கின்றன: முன்பாதி பாய், பின்பாதியும் ஓரங்களும் பெஞ்ச். இதையே தொடரலாம் என்பது எங்கள் கருத்து. ஆயிரம் சதுர அடியில் தரையில் 200 பேர் உட்காரலாம். நடைபாதை விட்டு பெஞ்ச் போட்டால் 140 பேர். திருவிழாவுக்குக் கூட்டம் மும்மடங்காகும் கோவிலில் பதித்த பெஞ்ச் ஒரு இடைஞ்சல்.

பெஞ்ச் செய்வதானால்: உட்காரும் உயரம் 17–18 அங்குலம், ஆழம் 15–16, ஆளுக்கு 18–20 அங்குல நீளம். ஒரு பெஞ்சின் முதுகிலிருந்து அடுத்ததன் முதுகுக்கு 36 அங்குலம். முழந்தாள்பலகை சேர்ந்தால் 38–40. இடத்தை மிச்சம் பிடிக்க 33-க்கு இறக்கியவர்கள் உண்டு; அங்கே முழந்தாளிட்டால் முன்னால் இருப்பவர் முதுகில் நெற்றி இடிக்கும். முழந்தாள்பலகையின் உயரம் 6–7 அங்குலம், அகலமும் 6. மடக்கும் பலகையானால் கீல் பித்தளையில், அடியில் ரப்பர். இல்லையேல் எழுந்தேற்றத்தின்போது (குரு அப்பத்தை உயர்த்திக் காட்டும் நேரத்தில்) பலகைச் சத்தத்தில் கோவிலே வெடிக்கும். நடுப்பாதை 6 அடிக்குக் குறையக்கூடாது. சவப்பெட்டியும் தூக்கிவருபவர் இருபுறமும் போக வேண்டும்.

கறையான் ஏறாமல் இருக்க?

பெஞ்சின் கால் தரையையும் முதுகு சுவரையும் தொடக்கூடாது. காலுக்கு அடியில் 2 அங்குலக் கருங்கல் வில்லை அல்லது பித்தளைக் காலணி. சுவருக்கு ஒரு சாண் இடைவெளி. ஏற்கெனவே ஏறியிருந்தால் சுவரும் தரையும் சேரும் கோட்டில் ஓரடிக்கு ஒரு துளை, அரை அங்குல விட்டத்தில், தரைப்பூச்சைத் தாண்டி மண் வரை போட்டு, இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்சி மருந்தை லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி கலந்து துளைக்கு ஒரு லிட்டர் ஊற்றுவது வழக்கம். உரிமம் உள்ளவரை வைத்துச் செய்யுங்கள். வளாகத்தில் கிணறு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மண்ணெண்ணெய் தடவுவது கறையானை அடுத்த பெஞ்சுக்கு அனுப்பும், அவ்வளவுதான்.

சுவரில் ஓதம் ஏறிப் பூச்சு பொரிந்து விழுகிறது. சிமென்ட் பூசினோம், மேலே ஏறிவிட்டது. ஏன்?

இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரே ஒரு பதிலைப் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

பழைய கோவில் சுவர் செங்கலும் சுண்ணாம்பும். அடியில் ஈரத்தடுப்பு அடுக்கு கிடையாது. மண்ணின் ஈரம் செங்கல் வழியாக ஏறும். சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியாக ஆவியாகிப் போகும். ஏறுவதும் போவதும் சமமாக இருக்கும்வரை சுவருக்கு ஒன்றும் ஆகாது. இரண்டடி உயரம்வரை சிமென்ட் பூசினால் ஆவியாகும் வழி அடைபடும். ஈரம் சிமென்டின் மேல்விளிம்பைத் தேடி ஏறி, நான்காவது அடியில் வெளியே வரும். தண்ணீர் போனதும் அதில் கரைந்திருந்த உப்பு அங்கேயே படிகமாகிப் பூச்சை உள்ளிருந்து தள்ளும். புட்டி, எனாமல், ‘வாட்டர் ப்ரூஃப்’ பெயின்ட், இரண்டடி உயரத்துக்கு ஒட்டும் சுவர் டைல் எல்லாமே இதே தவறின் வேறு வடிவங்கள்.

டெல்டாவுக்கே உரிய இரண்டு காரணங்கள் மேலும் உண்டு. முதலாவது ஆற்றுப்பாசனம். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால் ஜனவரி கடைசி வரை வாய்க்கால்களில் தண்ணீர் ஓடும். மழையே இல்லாவிட்டாலும் நிலத்தடி நீர் மேலே நிற்கும். சித்திரையில் சுவரைப் பார்த்துவிட்டு ‘காய்ந்துதான் இருக்கிறது’ என்று வேலை தொடங்கினால் கார்த்திகையில் உண்மை தெரியும். ஈரக்கோட்டைப் பென்சிலால் குறித்து, தேதி போட்டு, ஒரு முழு வருடம் பாருங்கள்.

இரண்டாவது, உயர்ந்துகொண்டே போகும் வெளித்தரை. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் ஊர் உயர்கிறது. வளாகத்தில் மண்ணடித்துப் பேவர் கல் பதிக்கிறார்கள். ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன கோவிலுக்குள் இப்போது ஒரு படிதான் ஏறுகிறோம் என்றால் இரண்டு படி உயரச் சுவர் மண்ணுக்குள் இருக்கிறது.

வைத்தியம், வரிசை மாறாமல்:

சுவரை ஒட்டி மூன்றடி அகலத்துக்கு வெளித்தரையை உள்தரைக்கு அரையடியாவது கீழே இறக்குங்கள். பேவர் கல்லை எடுத்துவிட்டு ஜல்லி நிரப்பிய வடிகால் அமையுங்கள். கூரைநீர்க் குழாய் சுவரடியில் கொட்டாமல் அதில் சேரட்டும். பிறகு தை கடைசியில், வாய்க்கால் அடைத்த பின், உள்ளேயும் வெளியேயும் சிமென்ட் பூச்சை ஈரக்கோட்டுக்கு மேல் ஒன்றரை அடிவரை கொத்தி எடுங்கள். செங்கல் இடுக்குகளை அரை அங்குலத்துக்கு மேல் சுரண்டி, உலர்ந்த பிரஷ்ஷால் உப்பைத் துடையுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும். கோடை முழுக்கச் சுவரை மொட்டையாக விடுங்கள். பங்கு மக்கள் முணுமுணுப்பார்கள். இந்தப் படியை யாரும் பொறுப்பதில்லை, அதனால்தான் வேலை கெடுகிறது.

ஆனி, ஆடியில் சுண்ணாம்புக் காரை. நன்றாக நீற்றிப் புளிக்கவிட்ட சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த ஆற்றுமணலும் செங்கல் தூளும் சேர்த்து இரண்டரை முதல் மூன்று பங்கு. கடுக்காயும் கருப்பட்டியும் 10–15 நாள் ஊறிய நீரில் குழைப்பது நம் பக்கத்து முறை. கருப்பட்டி கூடினால் காரை இறுகத் தாமதமாகும். ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் பூசாதீர்கள், இரண்டு மூன்று தடவையாகப் பூசுங்கள். வெயிலும் காற்றும் நேராகப் படாமல் ஈரச்சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரத்துக்குக் குறையாமல் ஈரப்படுத்துங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான். பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் மறுபடி முதலிலிருந்து.

தரைக்கு விட்ரிஃபைட் டைல் போடலாமா?

மேலே சொன்னதன் தொடர்ச்சிதான். இறுக்கமான டைல் முழுத்தரையையும் மூடினால் தரைவழி போய்க்கொண்டிருந்த ஈரமும் சுவருக்குத் திரும்பும். டைல் போட்ட ஒன்றிரண்டு வருடத்தில் ஓதம் தொடங்குவது தற்செயல் இல்லை. கடப்பா, கருங்கல், பழைய ஆத்தங்குடிக் கற்கள் இருந்தால் எடுத்துச் சுத்தம் செய்து சுண்ணாம்பில் திரும்பப் பதியுங்கள். செருப்பில்லாமல் ஈரக்காலோடு வரும் கூட்டத்துக்குப் பளபளப்பான தரை ஆபத்தும்கூட.

விரிசல் பெரிதாகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டெல்டாக் களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். விரிசல் திறந்து மூடுவது அதனாலும் இருக்கலாம். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் பிளாஸ்டர் வைத்து ஒட்டி, தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது. கால் அங்குலம் விரிந்ததற்கும், வளைவின் உச்சியில் வளர்ந்துகொண்டே போவதற்கும் கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள், கொத்தனாரை அல்ல. இடுக்கில் முளைத்த ஆலும் அரசும் விரலளவு இருக்கும்போதே வேரோடு போக வேண்டும்.

வண்ணக் கண்ணாடிச் சன்னல்களை எப்படிப் பராமரிப்பது?

காய்ச்சி வடித்த நீர், பஞ்சு, பொறுமை. அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவமும் ஆசிடும் வேண்டவே வேண்டாம். முகம், விரல், ஆடை மடிப்பு எல்லாம் கண்ணாடிமேல் தீட்டிய கோடுகள், சரியாகச் சுடப்படாதவை துணியோடு வந்துவிடும்.

துண்டுகளைப் பிடித்திருப்பது ஈயச்சட்டம். வெயிலில் ஈயம் தளர்ந்து சன்னல் வயிறு தள்ளும். குறுக்கே இருக்கும் இரும்புக் கம்பி கடற்காற்றில் துருப்பிடித்துப் பருத்து, பதித்த இடத்தைப் பிளக்கும்; அங்கே துருப்பிடிக்காத ஸ்டீல் போடுங்கள். புயலுக்குப் பயந்து வெளியே காப்புக் கண்ணாடி போடுவது சரி, ஆனால் ஓர் அங்குல இடைவெளியும் மேலும் கீழும் காற்றுத்துளையும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் வேர்த்து ஈயம் வெள்ளைப் பொடியாகும். உடைந்த துண்டுக்குப் பதில் ஒட்டும் கலர் ஸ்டிக்கர் இரண்டு கோடையில் வெளுக்கும்.

சுரூபங்கள், மாலை, சேலை?

பழைய சுரூபங்கள் மரத்தாலோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸாலோ ஆனவை. பிளாஸ்டருக்கு எதிரி மல்லிகை மாலை. ஈரம் சொட்டி, கழுத்தும் தோளும் முதலில் ஊறி, வண்ணம் செதிலாக எழும். மாலையைச் சுரூபத்தின்மேல் போடாமல் பின்னால் ஒரு பித்தளைத் தண்டில் தொங்கவிடுங்கள். பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. வேளாங்கண்ணி வழக்கத்தில் மாதாவுக்குச் சேலை சாத்தும் கோவில்கள் பல. குண்டூசியை மரத்தில் குத்தாமல், அடியில் ஒரு பருத்தி உள்ளாடை தைத்து அதில் குத்துங்கள். மழைமாதங்களில் வாரம் ஒருமுறை மாற்றுங்கள், உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

திருவிழாவுக்கு முன் எனாமல் அடித்துப் ‘புதுசாக்கும்’ பழக்கத்தால் பல சுரூபங்களின் கண்ணிமையும் உதட்டு வளைவும் பெயின்டுக்குள் புதைந்து போயிருக்கின்றன.

பீட வேலைப்பாட்டில் தங்க நிறம் ஏன் கறுக்கிறது?

கடையில் ‘கோல்டு பெயின்ட்’ என்று வருவதில் பெரும்பாலும் இருப்பது பித்தளைத் தூள். உப்புக்காற்றில் ஓரிரு வருடத்தில் பச்சையும் கறுப்புமாகும். அசல் தங்க இலை கறுக்காது. தஞ்சாவூர் ஓவியக் கலைஞர்களிடம் பொன் ஒட்டும் கைவன்மை இருக்கிறது. முழுப் பீடத்துக்கும் பணமில்லை என்றால் விளிம்புக்கோட்டுக்கு மட்டும் அசலை ஒட்டிவிட்டு மற்றதை மஞ்சள் காவியில் விடுவது, முழுவதும் பித்தளைத் தூள் அடிப்பதைவிட மேல்.

கோவிலுக்குள் குத்துவிளக்கு வைக்க அனுமதி உண்டா?

உண்டு. இந்திய வழிபாட்டுத் தழுவலுக்காக 1969-ல் உரோமை ஒப்புக்கொண்ட 12 அம்சங்களில் மெழுகுதிரிக்குப் பதில் எண்ணெய் விளக்கும் ஒன்று. நாச்சியார்கோவிலில் அன்னத்துக்குப் பதில் உச்சியில் சிலுவை வைத்துச் செய்து தருவார்கள். அடி, தண்டு, தட்டு, உச்சி எனத் திருகிக் கழற்றும் பாகங்கள். கழற்றி வெளியே கொண்டுபோய்ப் புளி போட்டுத் தேயுங்கள். பீடமுற்றத்திலேயே தேய்த்தால் புளித்தண்ணீர் சொட்டிய இடமெல்லாம் பளிங்கு அரித்து மங்கும்.

மின்விசிறி, விளக்கு எங்கே?

விசிறி இறக்கை தரையிலிருந்து 9–10 அடியில் இருந்தால்தான் காற்று ஆளுக்கு வரும். உயர்ந்த வளைவிலிருந்து இருபதடிக் குழாயில் தொங்கவிட்டால் ஆடும், கொக்கி தேயும். தூணில் எட்டு ஒன்பது அடியில் மாட்டும் சுவர் விசிறியே உத்தமம். பீடத்துக்கு நேர் மேலே விசிறி வேண்டாம். திரி ஒருபக்கமாக உருகி வழியும், அப்பம் பறக்கும். விளக்கு விசிறிக்கு மேலே இருந்தால் இறக்கை நிழல் வெட்டிவெட்டி விழுந்து பாட்டுப் புத்தகம் படிக்க முடியாது. மக்கள் பகுதிக்கு 100–150 லக்ஸ், பீடத்துக்கு 300, இரண்டும் 3000 கெல்வின் இளமஞ்சளில், தனித்தனி சுவிட்சில்.

லுத்தரன், சி.எஸ்.ஐ. ஆலயங்களில் என்ன மாறும்?

சுரூபங்களும் நற்கருணைப் பேழையும் இல்லை. கண்ணுக்கு முதலில் படுவது பிரசங்க பீடம். எல்லா இருக்கையும் அதை நோக்கியே. அதனால் மேலே சொன்ன ஒலிக்கணக்கு இங்கே இன்னும் கறார். தரையிலும் சுவரிலும் கல்வெட்டுகளும் நினைவுச் சிற்பங்களும் நிறைய: தரங்கம்பாடி ஆலயத்தில் பீடத்தின் முன்னேயே 1719-ல் மறைந்த சீகன்பால்குவின் கல்லறை இருக்கிறது. தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்கா அருகே 1779-ல் எழுந்த ஷ்வார்ட்ஸ் ஆலயத்தில், மறைப்பணியாளர் ஷ்வார்ட்ஸின் மரணப்படுக்கையில் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி அருகில் நிற்கும் பளிங்குப் புடைப்புச் சிற்பம். சரபோஜி சொல்லி லண்டனின் ஜான் ஃபிளாக்ஸ்மேன் செதுக்கியது. பளிங்குக்கு எலுமிச்சை, ஆசிட், சோப்புத்தூள் எதுவும் ஆகாது. கல்லறைக் கற்களின்மேல் பெஞ்ச் இழுக்காதீர்கள், கம்பளம் விரித்து மூடாதீர்கள். அடியில் ஈரம் தங்கி எழுத்து உதிரும்.

திருவிழாவுக்கு முன் உள்ளே எதைக் கவனிக்க வேண்டும்?

ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணிக்கு நடந்துபோகும் கூட்டம் வழியிலுள்ள கோவில்களிலும் தங்கும். மெழுகுதிரி ஏற்றும் இடத்தை முழுக்க வெளியே தகரக் கூரைக்கடியில் மாற்றுங்கள். தட்டில் உலர்ந்த மணல் போடுங்கள், தண்ணீர் வேண்டாம். தட்டு முழுக்க மெழுகு பற்றிக்கொண்டால் தண்ணீர் தீயைத் தெறிக்கவைக்கும். சீரியல் செட்டுக்கு ஒவ்வொரு வருடமும் பூச்சில் புது ஆணி அடிப்பதற்குப் பதில், ஒருமுறை ஸ்டீல் கொக்கி பதித்து விடுங்கள். அதற்குத் தனி இணைப்பும் கசிவு உணர்ந்து அணையும் சுவிட்சும் வேண்டும்.

புறா, வௌவால்?

எச்சம் அமிலத்தன்மை உள்ளது. வண்ணம், தங்க இலை, பளிங்கு மூன்றையும் தின்னும். மேல்சன்னல்களுக்கு உட்பக்கமாக முக்கால் அங்குலக் கண் உள்ள நைலான் வலை கட்டுங்கள், கம்பிவலை துருப்பிடித்துச் சுவரில் வடியும். மணிக்கூண்டுக்கும் நடுக்கூடத்துக்கும் இடையே உள்ள கயிற்றுத் துளைதான் வௌவாலின் வழக்கமான வாசல்: கயிறு போக ஒரு பித்தளை வளையம் விட்டு மீதியைப் பலகையால் அடையுங்கள். அடைக்கும் வேலையை இருட்டிய பிறகு, அவை வெளியே போனபின் செய்யுங்கள். காய்ந்த எச்சத்தை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கக்கூடாது. தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டு, தகட்டால் வழித்து மூட்டையில் கட்டுங்கள்.